ஐந்து பேர், ஒரு மேசை, எந்தப் புத்தகம்?



போன எபிசோட்டின் கடைசி இரண்டு நிமிசத்தில் ஒரு கேள்வியை அவசரமாகத் தள்ளிவிட்டுப் போனோம், ஞாபகம் இருக்கா? கேட்டவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடத் தொடங்கி ஆறு மாசம். "பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இருக்கு. இனி ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கு. எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதை வாங்கிறதா, டிராகனுக்கெண்டே இருக்கிறதை வாங்கிறதா?" என்று கேட்டிருந்தார். நான் மைக்கில் "முதலாவது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். பிழையான பதில் இல்லை, ஆனால் அரைப் பதில். மிச்சம் இங்கே.

விளையாடாத ஆக்களுக்காக ஒரு பந்தி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி டைஸ் உருட்டுவார்கள். விளையாடத் தேவையான விதிகள் அடிப்படைப் புத்தகங்களில் இருக்கும். அதற்கு மேலே வருவதெல்லாம் துணைப் புத்தகம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் மூன்று சின்னப் புத்தகங்களாக முதல் டி அண்ட் டியைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருசமே 'கிரேஹோக்' என்ற முதல் துணைப் புத்தகம் வந்துவிட்டது. இன்றைக்கு ரோக் என்று விளையாடுகிறோமே, அந்தக் கள்ளன் பாத்திரம் டி அண்ட் டி புத்தகத்துக்குள் வந்தது அதில்தான். ஆகவே "துணைப் புத்தகம் எல்லாம் காசு பறிக்கிற வேலை" என்று சொல்லுகிற ஆக்களோடு நான் முழுக்க ஒத்துப்போக மாட்டன். பாதி ஒத்துப்போவன்.

துணைப் புத்தகத்தில் இரண்டு சாதி இருக்கு. அம்மாவோடு சனிக்கிழமை கடைக்குப் போன எல்லாருக்கும் இது விளங்கும். பலசரக்குக் கடையில் அரிசியும் இருக்கும், சாம்பிராணியும் இருக்கும், போன் கார்ட்டும் ஒரு காலத்தில் இருந்தது. வேண்டியதை எடுத்துக்கொண்டு வரலாம். மீன்கடையில் மீன் மட்டும்தான். ஆனால் அங்கே நிற்கிற அண்ணை "இது குழம்புக்குச் சரிவராது, பொரியுங்கோ" என்று சொல்லுவார். பலசரக்குக் கடையில் அப்படி ஒருத்தரும் சொல்ல மாட்டினம். பில் போட்டுத் தருவினம், அவ்வளவுதான்.

டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பில் பலசரக்கு என்றால் இரண்டு பெயர்தான் முதலில் வரும். 2017இல் வந்த 'ஸனதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்', 2020இல் வந்த 'டாஷாஸ் கோல்ட்ரன் ஒஃப் எவ்ரிதிங்'. தலைப்பிலேயே 'எவ்ரிதிங்' இருக்கு, ஒளிவுமறைவு இல்லை. இரண்டும் 192 பக்கம். ஸனதாரில் முதல் பாகம் பாத்திரம் உருவாக்குகிறவருக்கு: புதிய சப்கிளாஸ்கள். இரண்டாம் பாகம் டி.எம்.க்கு: பொறிகள், வழியில் எதிர்ப்படுகிறவற்றுக்கு அட்டவணைகள், சண்டை இல்லாத நாட்களில் பாத்திரங்கள் என்ன செய்யலாம் என்ற விதிகள். பிறகு மந்திரங்கள். கடைசியில் பெயர்ப் பட்டியல்.

பெயர்ப் பட்டியலை ஞாபகம் வைத்திருங்கோ, பேந்து அதற்கு வாறன்.

நீங்கள் விளையாடுபவர், உங்களுக்கு ஒரே ஒரு பாத்திரம் என்று வைப்போம். அந்த 192 பக்கத்தில் உங்கட பாத்திரத்துக்கு நேரடியாகத் தேவைப்படுவது எத்தனை? சப்கிளாஸுக்கு ஒன்றிரண்டு பக்கம். மந்திரம் போடுகிறவர் என்றால் இன்னும் நாலைந்து மந்திரம். இரண்டு பக்கத்துக்காக 192 பக்கம். அமெரிக்காவில் இப்போது இப்படியான புத்தகங்களின் பட்டியல் விலை 50 டொலருக்குக் கிட்ட. இங்கே வரிகளும் சேர்த்தால் இன்னும் கூட. ஆனால் அதே புத்தகம் மேசையில் ஐந்து பேருக்கும் கை மாறினால் கணக்கு மாறுது. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்கும். பலசரக்குப் புத்தகம் உண்மையில் ஒரு மேசைக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கவேண்டியது. ஐந்து பேரும் ஆளுக்கொன்று வாங்குவது வீண்செலவு.

பிறகு ஏன் எல்லாரும் அதையே முதலில் வாங்குகினம்? இலவச விதிகளைப் பார்த்தால் காரணம் தெரியும். டி அண்ட் டியின் விதிகளில் ஒரு பகுதி எஸ்.ஆர்.டி. என்ற பெயரில் வெளியே இருக்கு. 2023 ஜனவரியில் லைசென்ஸ் சண்டை பெரிசாகி, கடைசியில் அதை கிரியேட்டிவ் கொமன்ஸில் போட்டார்கள், எங்கட பழைய எபிசோட் ஒன்றில் கதைத்திருக்கிறோம். அதில் 12 கிளாஸும் இருக்கு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ். ஃபைட்டர் என்றால் சாம்பியன் மட்டும். 2014 ஹேண்ட்புக்கை வாங்கினால் மூன்று. ஸனதார் வாங்கினால் ஆறு. டாஷாவும் வாங்கினால் எட்டு. இலவசத்தில் இல்லாத அந்த ஒன்றைத்தான் பலசரக்குப் புத்தகம் விற்கிறது: தெரிவு.

தெரிவு கூடினால் நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தனான்.

எங்கட மேசையில் நான் டி.எம். என்னிடம் இருந்த எல்லாப் புத்தகத்தையும் டிஜிட்டலில் குழுவுக்குத் திறந்துவிட்டிருந்தேன். ஒருவரும் காசில்லாமல் குறைந்துபோகக் கூடாது என்ற எண்ணம். கதை ஐந்தாம் லெவலில் நிற்கும்போது எங்களில் ஒருத்தியின் சித்தி மகன் சேர்ந்தான். 16 வயசு. "வாள் வச்சிருக்கிற ஆள்" வேண்டும் என்றான். ஃபைட்டர் என்று சொல்லிக் கொடுத்தோம். பட்டியலைத் திறந்தான், அதில் பத்து சப்கிளாஸ். ஹேண்ட்புக்கில் இருந்து மூன்று, ஸனதாரில் இருந்து மூன்று, டாஷாவில் இருந்து இரண்டு, வேறு இரண்டு புத்தகத்தில் இருந்து ஒவ்வொன்று. ஒன்றில் பாத்திரத்தின் சாயல் தனியாகப் போய்ச் சண்டை பிடிக்கும், இன்னொன்றில் ஆள் பூதம் மாதிரிப் பெருக்கும். மற்றவர்கள் உதவி செய்கிறோம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். "அதை எடுக்காத, அது உதவாது", "இதுதான் ஸ்ட்ரோங்". பெடியன் இரண்டு கிழமை வந்தான். மூன்றாம் கிழமை வரவில்லை. கேட்டதுக்கு, "அண்ணா, எதை எடுத்தாலும் நான் பிழையாத்தான் எடுப்பன் போல இருக்கு" என்று மெசேஜ் வந்தது.

எனக்கு அது சரியாகச் சுட்டது. வாள் வச்சிருக்கிற ஆள்தானே கேட்டவன்!

இதற்கு எங்களுக்கு முதலே ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார்கள். கடைகளில் நடக்கிற அட்வெஞ்சரர்ஸ் லீக் ஆட்டங்களில் சில வருசம் ஒரு விதி இருந்தது: ஹேண்ட்புக், அதோடு இன்னும் ஒரே ஒரு புத்தகம். ஒரு பாத்திரத்துக்கு அதற்கு மேல் எடுக்க ஏலாது. வெவ்வேறு புத்தகத்தில் இருக்கிற இரண்டு விசயத்தைச் சேர்த்து ஒருவர் அசைக்க முடியாத பாத்திரம் செய்வதைத் தடுக்க அது ஒரு சுகமான வழி. பிறகு அந்த விதியைக் கைவிட்டுவிட்டார்கள். எங்கட மேசையில் நான் அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். பெடியனைக் கூப்பிட்டு, ஹேண்ட்புக்கில் மூன்று, ஸனதாரில் மூன்று, ஆறையும் ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரியாக எழுதிக் கொடுத்தேன். குதிரையில் வருகிற கவலியரை எடுத்தான். அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை.

சரி, இனி மீன்கடை.

கேள்வி கேட்டவர் சொன்ன டிராகன் புத்தகம் 2021இல் வந்த 'ஃபிஸ்பன்ஸ் ட்ரெஷரி ஒஃப் டிராகன்ஸ்' ஆகத்தான் இருக்கவேண்டும். அதிலும் விளையாடுகிறவருக்கு ஒன்றிரண்டு போட்டிருக்கினம்: மங்குக்கு ஒரு சப்கிளாஸ், ரேஞ்சருக்கு ஒன்று, டிராகன்போர்னில் புதிய வகைகள். வியாபாரக் கணக்குத்தான். ஒரு மேசையில் டி.எம். ஒருவர், மற்றவர் நாலு பேர். டி.எம்.க்கு மட்டும் எழுதினால் நாலு பேர் வாங்க மாட்டினம். ஆனால் அந்தப் புத்தகத்தின் உயிர் அங்கே இல்லை. டிராகன் எப்படி யோசிக்கும், எங்கே குடியிருக்கும், குகை எப்படி இருக்கும், புதையலில் என்ன என்ன கிடக்கும் என்று வகை வகையாக எழுதியிருக்கிற பக்கங்களில்தான் இருக்கு. எனக்குப் பிடித்தது ஒன்று: டிராகனின் புதையலுக்குள்ளே நெடுங்காலம் கிடக்கிற பொருள் அதன் மந்திரத்தில் ஊறிப்போகும். ஊறுகாய் மாதிரி. பிறகு இன்னும் பெரிய டிராகனின் புதையலில் கிடந்தால் அந்த வாள் இன்னும் ஒரு படி மேலே போகும். இந்த ஒரு விசயத்தை வைத்து நான் நாலு மாசக் கதை ஓட்டினனான். "பிளஸ் டூ வாள்" என்று ஒரு பட்டியலில் போட்டிருந்தால் எனக்கு ஒரு மண்ணும் தோன்றியிருக்காது.

புத்தகங்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இந்த ஊறுகாய்தான். 2016இல் 'வோலோஸ் கைட் டு மொன்ஸ்டர்ஸ்' என்று ஒன்று வந்தது. அதன் முதல் பாகம் முழுக்க ஒன்பது வகைப் பிராணிகளைப் பற்றிய நீண்ட கட்டுரைகள். பிஹோல்டர் என்ற கண்ணுருண்டை அரக்கன் ஏன் எல்லாரையும் சந்தேகிக்கிறது, அது இன்னொரு பிஹோல்டரைக் கனவு கண்டால் சில நேரம் அது நிசமாகவே பிறந்துவிடும் என்றெல்லாம் அதில் வரும். 2018இல் 'மோர்டன்கைனன்ஸ் டோம் ஒஃப் ஃபோஸ்'. 2022இல் இரண்டையும் சேர்த்து 'மொன்ஸ்டர்ஸ் ஒஃப் த மல்டிவெர்ஸ்' என்று ஒரே புத்தகம் ஆக்கினார்கள். 250க்கு மேலே பிராணிகள், 30க்கு மேலே இனங்கள், எண்களைத் திருத்தி, அகர வரிசையில் அடுக்கி, மேசையில் தேடச் சரியான வசதி. அந்த நீண்ட கட்டுரைகளைக் காணோம். பழைய இரண்டு புத்தகத்தையும் டி அண்ட் டி பியோண்டில் விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். முதலே வாங்கியவர்களிடம் மட்டும் இருக்கு. எண்கள் தப்பிவிட்டன, கனவு காணுகிற பிஹோல்டர் பழைய புத்தகத்தோடு நின்றுபோச்சு.

இது இப்போது மட்டும் நடக்கிற வேலையும் இல்லை. மூன்றரையாம் பதிப்புக் காலத்தில், 2004, 2005இல், குளிர் தேசத்துக்கு 'ஃப்ரொஸ்ட்பேர்ன்', பாலைவனத்துக்கு 'ஸாண்ட்ஸ்டோர்ம்', கடலுக்கு 'ஸ்டோர்ம்ராக்' என்று தனித்தனியாக வந்தது. பனிச்சரிவில் என்ன நடக்கும், தண்ணி இல்லாமல் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்றெல்லாம் விதி இருக்கும். கனடாவில் இருக்கிற எங்களுக்கு ஃப்ரொஸ்ட்பேர்ன் ஒரு வாழ்க்கை வழிகாட்டி. பிறகு புத்தகங்கள் கூடிப்போய் எந்த மந்திரம் எதில் இருக்கு என்று ஒருவருக்கும் தெரியாத நிலை வர, 2005இலேயே 'ஸ்பெல் கொம்பெண்டியம்' வந்தது. 2007இல் மந்திரப் பொருட்களுக்கும் விதிகளுக்கும் அதே மாதிரி. அடுத்த வருசம் பதிப்பே மாறிவிட்டது. கர்ப்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்திலும் இதே கதை: எக்கச்சக்கமான தனிப் புத்தகங்கள், 1996இல் அவற்றின் விதிகளைத் திரட்டி இரண்டு கொம்பெண்டியம், 2004இல் வந்த நாலாம் பதிப்பின் அடிப்படைப் புத்தகத்துக்குள் அதுவும் கரைந்துபோச்சு.

கர்ப்ஸ் என்றதும் டெக் பொட்காஸ்ட் நடத்துகிறவன் இதைச் சொல்லாமல் விட ஏலாது. 1990 மார்ச் 1ஆம் திகதி டெக்ஸஸில் உள்ள ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் அலுவலகத்துக்குள் அமெரிக்க சீக்ரெட் சர்விஸ் புகுந்து கொம்பியூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. அதோடு போனது, அச்சுக்குப் போகவிருந்த 'கர்ப்ஸ் சைபர்பங்க்' என்ற துணைப் புத்தகத்தின் பிரதி. எழுதியவர் லொய்ட் பிளாங்கன்ஷிப், தானே ஹாக்கர் வட்டாரத்து ஆள். விளையாட்டுப் புத்தகத்தை ஏதோ குற்றக் கையேடு மாதிரிப் பார்த்துவிட்டார்கள். நிறுவனம் வழக்குப் போட்டு 1993இல் வென்றது. அந்த வழக்குக்குப் பின்னால் நின்றது, 1990இலேயே தொடங்கின எலெக்ட்ரோனிக் ஃப்ரொண்டியர் ஃபவுண்டேசன். ஒரு தனித்துறைப் புத்தகம் அவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது. கர்ப்ஸ் விளையாடாத ஆக்களும் அதன் வைக்கிங், ரோமாபுரி, எகிப்துப் புத்தகங்களைத் தங்கட ஆட்டத்துக்கு வாங்கி வாசித்தது அதனால்தான்.

தனித்துறை என்று அட்டையில் போட்டால் மட்டும் ஆழம் வந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். 2022இல் விண்வெளிக் கப்பல் உலகமான 'ஸ்பெல்ஜாமர்' 64 பக்கப் புத்தகங்கள் மூன்றாக ஒரு பெட்டியில் வந்தது. கப்பலில் போவதுதான் அதன் முழுப் பொருளே. கப்பல்கள் தங்களுக்குள் சண்டை பிடிப்பதற்கான விதியோ மிகக் கொஞ்சம், அதற்கு நிறையப் பேர் திட்டினார்கள். கப்பல் விதி வேண்டும் என்று தேடியவர்கள் கடைசியில் 2019இல் வந்த 'கோஸ்ட்ஸ் ஒஃப் சோல்ட்மார்ஷ்' என்ற சாகசத் தொகுப்பின் பின்னிணைப்பில் போய் நின்றார்கள். மீன்கடை என்று போர்ட் போட்டு உள்ளே ஐஸ் மட்டும் வைத்திருந்தால் சனம் திட்டும்தானே.

இப்படியான புத்தகங்களுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ப்ளாட்புக்' என்று ஒரு பட்டப்பெயர் இருக்கு. 'வம்பயர்: த மாஸ்கரேட்' ஆட்டத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் 'கிளான்புக்', 'வேர்வூல்ஃப்' ஆட்டத்தில் 'டிரைப்புக்' என்று வரிசையாக வந்தது. இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல, 'புக்'குக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டார்கள், சேர்ச் பண்ணும்போது போடுவோமே அது. அந்தக் குறிக்குக் கொம்பியூட்டர் ஆக்கள் வைத்த செல்லப்பெயர் ஸ்ப்ளாட். எங்கட ஆக்களின் வேலை.

இப்போது எல்லாம் டிஜிட்டலுக்கு வந்துவிட்டதால் முழுக் கணக்கும் மாறியிருக்கு. 2022இல் ஹாஸ்ப்ரோ டி அண்ட் டி பியோண்டை 146 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2024 வரைக்கும் அங்கே முழுப் புத்தகம் வாங்காமல் ஒரு சப்கிளாஸை மட்டும், ஒரு பிராணியை மட்டும் சில்லறையாக வாங்கலாம். அதை நிறுத்திவிட்டார்கள். அது இருந்த காலத்தில் பலசரக்குப் புத்தகத்துக்கு அவசியமே குறைவு, இரண்டு டொலரோடு வேலை முடியும். இன்னொரு பக்கம், பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் விதிகள் முழுக்க ஆர்க்கைவ்ஸ் ஒஃப் நெதிஸ் தளத்தில் இலவசமாக இருக்கு, பதிப்பகத்தின் சம்மதத்தோடு. எந்தப் புத்தகத்தில் வந்தது என்று பாராமல் தேடலாம். அப்படியிருந்தும் அவர்களின் 'த முவாங்கி எக்ஸ்பான்ஸ்' மாதிரி ஒரே ஒரு நிலப்பகுதியைப் பற்றிய புத்தகத்தைச் சனம் காசு கொடுத்து வாங்குது. விதிக்கு யாரும் காசு கொடுக்கத் தேவையில்லாத இடத்திலும் ஊரைப் பற்றி வாசிக்கக் கொடுக்கினம்.

இனி ஸனதாரின் பெயர்ப் பட்டியலுக்கு வாறன். எங்கட பெடியன் தன்ர கவலியருக்குப் பெயர் தேடி அதைத் திறந்தான். கிரேக்கம், ஜப்பான், அரபு என்று வரிசையாகப் போகும். அதில் 'இந்தியன்' என்று ஒன்று இருக்கு. தமிழ், வங்காளம், பஞ்சாப் எல்லாம் ஒரே வாளிக்குள்ளே. பலசரக்குப் புத்தகத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் ஏலாது, அது உலகத்தையே 192 பக்கத்துக்குள் அடைக்கிறது. 2022இல் வந்த 'ஜேர்னீஸ் த்ரூ த ரேடியண்ட் சிட்டடெல்' தொகுப்பில் மிமி மொண்டல் எழுதின ஒரு சாகசம் இருக்கு, 'இன் த மிஸ்ட்ஸ் ஒஃப் மணிவர்ஷா'. வங்காளத்தின் ஆறுகளையும் காடுகளையும் அடியாக வைத்துக் கட்டின ஊர். வங்காளம் எனக்குச் சொந்த ஊர் இல்லை, ஆனாலும் வாசிக்கும்போது "எங்கட கோயில் திருவிழாவை இப்படி எழுதலாமே" என்று உடனே தோன்றிச்சு. பட்டியலை வாசித்தபோது அப்படித் தோன்றவில்லை. பெடியன் கடைசியில் அப்பப்பாவின் பெயரையே கவலியருக்கு வைத்துவிட்டான்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு. முதலில் உங்களிட்ட இருக்கிறது எந்த வருசத்து ஹேண்ட்புக் என்று பாருங்கோ. 2014 பதிப்பு என்றால், விளையாடுபவராக உங்களுக்கு ஸனதார் இன்னும் பெறுமதி, அதுவும் மேசைக்கு ஒன்று போதும், ஆளுக்குப் பத்துப் பத்து டொலர் போடுங்கோ. 2024 பதிப்பு என்றால் அவசரப்படாதீங்கோ. அது 384 பக்கம், ஒவ்வொரு கிளாஸுக்கும் நாலு சப்கிளாஸ், மொத்தம் 48. ஸனதாரிலும் டாஷாவிலும் இருந்த பல நல்ல சாமான்களைத் திருத்தி அதற்குள்ளேயே போட்டுவிட்டார்கள். இரண்டு முறை ஒரே சரக்குக்குக் காசு கொடுக்கிறது விசர் வேலை.

டிராகன் புத்தகத்தை நீங்கள் வாங்குவதைவிட உங்கட டி.எம். வாசிப்பதுதான் மேசைக்கு நன்மை. வாங்க முதல் அவரிட்ட ஒருக்காக் கேளுங்கோ, வரப்போற கதையில டிராகன் இருக்கா எண்டு. இல்லை எண்டு சொன்னால் காசை வச்சிருங்கோ. "ம்ம்... ஏன் கேக்கிறாய்?" எண்டு இழுத்தால், அவருக்குப் பிறந்தநாள் எப்ப எண்டு விசாரிச்சு வையுங்கோ.